ஈத்தூண்டில் மரபும் ஜூரு ஆற்றின் நலமும்

பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில், புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்தில் செருக் தோக்குன் ஓடை பாறைகளுக்கிடையே தெளிவாக ஓடுகிறது. விடுமுறை நாள்களில் குடும்பங்கள் அதில் இறங்கிக் குளிக்கின்றன. அந்த ஓடையும் அதன் அக்கம்பக்கத்துக் கிளையாறுகளும் சேர்ந்ததுதான் ஜூரு வடிநிலம். மலையில் தெளிந்திருக்கும் நீர் நகரத்தையும் தொழிற்பேட்டைகளையும் கடந்து குவாலா ஜூருவில் கடலைத் தொடுமுன் என்னவாகிறது என்பது இவ்வட்டார மக்கள் அறிந்ததே. மலேசியாவின் மாசடைந்த ஆறுகளைப் பற்றிய பேச்சில் ஜூருவின் பெயர் ஐம்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து அடிபடுகிறது.

குளிர்நாட்டு ஓடைகளில் டிரவுட் மீனைப் போலி ஈயால் பிடிக்கும் மரபுக்கும் இந்த ஆற்றுக்கும் மேலோட்டமாகப் பார்த்தால் தொடர்பே இல்லை. செபராங் பிறையின் வெதுவெதுப்பான நீரில் டிரவுட் வாழாது. ஆனாலும் ஓடைகளைக் காப்பாற்றும் முயற்சியில் உலகில் நெடுங்காலம் அனுபவம் பெற்ற பொதுமக்கள் கூட்டங்களில் ஈத்தூண்டில்காரர்கள் முக்கியமானவர்கள். அவர்கள் சாதித்ததும் உண்டு, கெடுத்ததும் உண்டு. அந்த அனுபவத்தில் நமக்கு எது உதவும், எது உதவாது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோன மீன் பல இடங்களில் தீங்கு செய்தது. ஓடையைப் பார்க்க அவர்கள் பழகிக்கொண்ட முறையோ எந்த ஊருக்கும் பொருந்தும். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான் என்பது என் முடிவு.

பூச்சியிலிருந்து தொடங்கிய கலை

சாதாரணத் தூண்டிலில் புழுவோ மாவோ இரையாகும். ஈத்தூண்டிலில் இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சியைப் போல் ஒரு போலி செய்கிறார்கள். அந்தப் போலிக்கு எடை மிகக் குறைவு. கனமான கயிற்றைக் காற்றில் முன்னும் பின்னும் வீசித்தான் அதை நீர்மேல் விழவைக்க வேண்டும். கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்தில் ஏலியன் என்ற எழுத்தாளர், மாசிடோனியாவின் ஆஸ்திரேயஸ் ஆற்றில் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் கட்டி மீன் பிடித்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஜப்பானிய மலைக்கிராமங்களில் சுருள் இல்லாத கோலால் பிடிக்கும் 'தென்காரா' முறை தனியே வளர்ந்தது. இங்கிலாந்தில் ஐசக் வால்டன் 1653-இல் வெளியிட்ட நூலின் 1676-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு சார்லஸ் காட்டன் எழுதிச் சேர்த்த பகுதிதான் ஈத்தூண்டிலை விரிவாகப் பேசியது.

நம் கேள்விக்கு முக்கியமானது 1836. அவ்வாண்டு ஆல்ஃப்ரெட் ரொனால்ட்ஸ், ஓடைப் பூச்சிகளையும் அவற்றைப் போலச் செய்த தூண்டில் ஈக்களையும் அருகருகே வரைந்து ஒரு நூல் வெளியிட்டார். எந்த மாதத்தில் எந்தப் பூச்சி நீரிலிருந்து எழும், மீன் அதை எந்தப் பருவத்தில் தின்னும் என்று தெரியாதவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். 1880-களில் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட் நீர்மேல் மிதக்கும் ஈக்களைப் பற்றி எழுதினார். பின்னர் ஸ்கூஸ் நீருக்கடியில் வாழும் இளம்பருவத்தின் பக்கம் கவனத்தைத் திருப்பினார். இப்படியாக, கல்லைப் புரட்டி அதனடியில் ஒட்டியிருப்பதைப் பார்ப்பது இந்தக் கலையின் பாடமாகவே ஆகிவிட்டது.

மேஃபிளை, கல் ஈ, காடிஸ் ஈ ஆகிய மூன்றும் இவர்களுக்கு நன்கு பழக்கமான பூச்சிகள். மேஃபிளை சிறகு முளைத்தபின் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் வாழும். அதற்குமுன் பல மாதங்கள் நீருக்கடியில் கழிக்கிறது. கல் ஈயின் இளம்பருவத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த நீர் வேண்டும். நஞ்சு வந்தால் மீன் நீந்தி ஓடிவிடலாம். கல்லில் ஒட்டிக் கிடக்கும் பூச்சியால் ஓட முடியாது. ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச்செல்லும் ஒரு குப்பி நீர் அந்த நிமிடத்தின் நிலையை மட்டும் சொல்லும். இரவில் திறந்துவிட்டு விடியுமுன் மூடிய குழாயைப் பற்றி அதற்குத் தெரியாது. பூச்சிகளோ கடந்துபோன மாதங்களின் வரலாற்றைத் தங்கள் இருப்பாலும் இல்லாமையாலும் சொல்லிவிடும்.

நீதிமன்றமும் நோட்டுப்புத்தகமும்

பூச்சி குறைந்தால் மீன் குறையும் என்று தெரிந்தவர்களுக்கு, அடுத்த கட்டமாக யாரைக் கேள்வி கேட்பது என்பது புரிந்தது. இங்கிலாந்தில் 1948-இல் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர், ஆற்றை அசுத்தப்படுத்துவோர்மீது வழக்கு நடத்துவதற்கென்றே தூண்டில்காரர்களின் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். டெர்வென்ட் ஆற்றில் ஆலைக் கழிவும் நகராட்சிச் சாக்கடையும் மின்நிலையத்தின் வெந்நீரும் கலந்தபோது டெர்பி நகரத்து மீன்பிடிக் கழகம் வழக்குத் தொடுத்தது. ஆலை, நகராட்சி, மின்வாரியம் ஆகிய மூன்று தரப்பும் பிரதிவாதிகள். 1952-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சாக்கடையை ஆற்றில் விடுவது பொதுச்சேவை என்ற வாதம் நகராட்சியைக் காப்பாற்றவில்லை.

அமெரிக்காவில் 1959-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஓ சாபிள் ஆற்றங்கரையில் 'டிரவுட் அன்லிமிடெட்' அமைப்பு பிறந்தது. குஞ்சு பொரிப்பகத்திலிருந்து மீனைக் கொண்டுவந்து கொட்டுவதைவிட, மீன் தானே பெருகும் ஓடையை மீட்பதே வழி என்பது அதன் கருத்து. இதற்குச் சான்று மொன்டானாவிலிருந்து வந்தது. மேடிசன் ஆற்றில் டிக் வின்சென்ட் என்ற ஆய்வாளர் மீன் விடுவதை நிறுத்திப் பார்த்தார்; காட்டு டிரவுட்டின் எண்ணிக்கை கூடியது. 1974 முதல், காட்டு டிரவுட் வாழும் ஆறுகளில் வளர்ப்பு மீன் விடுவதை மொன்டானா கைவிட்டது.

மூன்றாவது முன்னேற்றம் இன்னும் எளிமையானது. பிரிட்டனில் 2007 முதல் நடைபெறும் தூண்டில்காரர்களின் பூச்சிக் கண்காணிப்புத் திட்டத்தில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் மாதந்தோறும் ஒரே இடத்தில் அடிமண்ணைக் கிளறி, எட்டு வகைப் பூச்சிகளையும் சிற்றுயிர்களையும் எண்ணிக் குறிக்கிறார்கள். எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் சுற்றுச்சூழல் அதிகாரிகளுக்குத் தகவல் போகும். 2013 ஜூலையில் கென்னட் ஆற்றில் வழக்கமான கணக்கெடுப்புக்குப் போன தன்னார்வலர்கள் பூச்சிகள் செத்துப்போயிருப்பதைக் கண்டார்கள். குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி ஆற்றில் கலந்திருந்தது அப்படித்தான் வெளிப்பட்டது.

மலைகளுக்கு ஏறிய மீன்

இம்மரபின் இருண்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷார் போன இடமெல்லாம் டிரவுட்டைக் கொண்டுபோனார்கள். தமிழ்நாட்டில் நீலகிரி இதற்குச் சான்று. 1860-களில் ஃபிரான்சிஸ் டே செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சனின் உழைப்பால்தான் வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது; அவலாஞ்சியில் 1907-இல் பொரிப்பகம் ஏற்பட்டது. மீனையும் வேட்டை விலங்குகளையும் காக்க 1879-இலேயே நீலகிரிக்கெனத் தனிச்சட்டம் வந்துவிட்டது. இலங்கையில் நுவரெலியாவையும் ஹார்டன் சமவெளியையும் நோக்கி 1880-களில் முட்டைகள் கப்பலேறின. மூணாற்று மலைகளில் தேயிலைத் தோட்டத் துரைமார் இதையே செய்தார்கள். அந்தத் தேயிலைக்காகக் காட்டை வெட்டி மண்ணை ஓடைகளில் இறக்கியதும் அதே தோட்டங்கள்தாம். அங்கே உழைத்த தமிழர்களுக்கு அந்த மீனைப் பிடிக்கும் உரிமை இருந்ததில்லை.

இயற்கை அறிவியல் இன்று இதை வேறு கண்ணோடு பார்க்கிறது. உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் இரண்டுமே இடம்பெற்றுள்ளன. நியூசிலாந்து ஓடைகளில் உள்ளூர்ச் சிறுமீன்களின் வீழ்ச்சிக்கு டிரவுட் ஒரு காரணம்.

காவிரியின் கதை இன்னும் நெருக்கமானது. அங்கே ஐம்பது கிலோவுக்கும் மேல் வளரக்கூடிய கூனல்முதுகு மாசீர் வாழ்ந்தது. எச். எஸ். தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டிலைப் பற்றி எழுதிய நூல், மாசீரின் புகழை உலகெங்கும் பரப்பியது. ஆற்றில் மாசீர் குறைகிறது என்று கவலைப்பட்டவர்கள் பின்னாளில் பொரிப்பகத்தில் பெருக்கிய நீலத்துடுப்பு மாசீரைக் காவிரியில் விட்டார்கள். நல்லெண்ணத்தோடு செய்த வேலைதான். ஆனால் கர்நாடகத்தின் கலிபோரே முகாமில் தூண்டில்காரர்கள் மீனைப் பிடித்து, எடைபோட்டு, திரும்ப விட்டு எழுதிவைத்த 1998 முதல் 2012 வரையிலான குறிப்புகளை ஆராய்ந்தபோது, வந்த மீன் பெருகியதும் சொந்த மீன் தேய்ந்ததும் தெளிவாயின. 2018-இல் கூனல்முதுகு மாசீரின் அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் அது அறிவிக்கப்பட்டது. மீன் விட்டதும் தூண்டில்காரர்கள், அதன் விளைவைக் காட்டிய நோட்டுப்புத்தகமும் அவர்களுடையதே. இம்மரபில் எதை விலக்குவது, எதை ஏற்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம்.

நம் ஆற்று மீனும் அதன் காவலும்

மாசீரின் உறவான கெலா மீன் தீபகற்ப மலேசியாவின் மேட்டாறுகளுக்குச் சொந்தம். சரவாக்கில் எம்புராவ் என்று பெயர் பெற்ற அதன் உறவின் விலை கிலோவுக்கு நூற்றுக்கணக்கான ரிங்கிட். விலை ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. ஈத்தூண்டில்காரர்கள் இங்கே கெலாவையும் செபாராவையும் தேடுகிறார்கள். தாமான் நெகாராவின் லுபோக் தெனோர், கென்யிர் ஏரியில் விழும் சுங்கை பெத்தாங், ரோயல் பெலும் காட்டின் சுங்கை ருவோக் ஆகிய இடங்களில் கெலாவுக்குக் காப்பிடங்கள் உள்ளன.

இவற்றைவிட ஆழமான முன்மாதிரி சபாவில் இருக்கிறது. கடசான்டூசுன் கிராமங்கள் தங்கள் ஆற்றின் ஒரு பகுதியில் மீன்பிடிப்பைத் தாங்களே தடைசெய்யும் 'தாகால்' வழக்கத்தை மாநில அரசு 2003-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் அங்கீகரித்தது. ஆற்றை நிறங்களால் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள்: சிவப்புப் பகுதியில் ஒருபோதும் பிடிக்கக் கூடாது, மற்றப் பகுதிகளில் குறித்த காலத்தில் குறித்த முறையில் பிடிக்கலாம். மீறினால் கிராமமே தண்டம் விதிக்கும். ரானாவ் வட்டாரத்தின் மோரோலி ஆற்றில் மீன்கள் மனிதரின் காலைச் சுற்றி வரும் அளவுக்குப் பெருகி, சுற்றுலா வருமானமும் தருகின்றன. தென்னிந்தியாவில் சிருங்கேரி போன்ற கோயில் படித்துறைகளில் பக்தியால் மீன் காக்கப்படுவதோடு இதை ஒப்பிடலாம். வேலியும் காவலாளியும் இல்லாத இடத்தில் ஊரின் ஒப்புதலே மீனைக் காக்கிறது.

மீனைப் பிடித்துத் திரும்ப நீரில் விடுவதைப் பற்றியும் ஒரு சொல். 10 டிகிரி நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். நம் ஊரின் 27 டிகிரி நீரில் சுமார் 8 மில்லிகிராம்தான். நெடுநேரம் போராடிக் களைத்த மீன் வெப்பநீரில் தேறுவது கடினம். எனவே குளிர்நாட்டுப் பழக்கத்தை அப்படியே பின்பற்றிவிட்டு மீனைக் காப்பாற்றியதாக நினைக்கக் கூடாது. மடல் இல்லாத முள், ஈரக்கை, மீனை நீரைவிட்டுத் தூக்காமை, வெயில் உச்சியில் பிடிக்காமை ஆகியவை இங்கே இன்னும் கட்டாயமானவை.

ஜூரு சொல்லும் சான்று

இனி நம் வடிநிலத்துக்கு வருவோம். 1970-களில் பிறைத் தொழிற்பேட்டை வளர்ந்தபோது குவாலா ஜூரு மீனவக் கம்பத்தின் வாழ்வு குலைந்தது. எஸ். எம். முகமட் இட்ரிஸ் தலைமையிலான பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அந்த மீனவர்களுக்காகக் குரல் கொடுத்தது. மலேசியச் சுற்றுச்சூழல் இயக்கத்தின் தொடக்கக்காலப் போராட்டங்களில் இது முதன்மையானது. 2019-இல் காலமான இட்ரிஸ் தமிழில் பேசி மக்களைத் திரட்டியவர். சங்கம் தமிழிலும் இதழ் நடத்தியது. ஆகவே ஆற்றைப் பற்றிய அக்கறை இம்மண்ணின் தமிழருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய ஒன்றில்லை.

அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, ஈத்தூண்டில்காரர்கள் பார்க்கும் அதே இடத்தில் அறிவியலும் பார்த்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்-ஷாமி, சே சல்மா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை ஜூரு வடிநிலத்தின் ஆறு ஆறுகளில் பூச்சிகளைச் சேகரித்தார்கள். செருக் தோக்குன் ஆறு ஒப்பீட்டுக்கான தூய அளவுகோல். பாசிர், ஜூரு, பெர்மாத்தாங் ராவா, ஆரா, கீலாங் உபி ஆகியவை மாசுபட்டவை.

அவர்கள் தேடியது கொசுவைப் போலிருந்தும் கடிக்காத ஓர் ஈக்குடும்பத்தின் இளம்புழுக்களை. இவற்றில் சில வகைகளின் உடலில் ஹீமோகுளோபின் உண்டு. அதனால்தான் சிவந்திருக்கின்றன, ஆக்சிஜன் அற்ற சேற்றிலும் பிழைக்கின்றன. வண்ணமீன் வளர்ப்போர் ரத்தப்புழு என்று வாங்கிப் போடுவது இவற்றைத்தான். ஆய்வில் ஒன்பது இனங்கள் கிடைத்தன. ஒப்பளவில் தூய்மையான செருக் தோக்குனில் ஓர் இனம் மேலோங்கியிருந்தது. மாசு மிகுந்த ஆறுகளில் கைரோனோமஸ் கியென்சிஸ் என்ற வேறோர் இனம் பெருகியிருந்தது. அதே குழுவின் இன்னோர் ஆய்வு, மாசுபட்ட கிளையாறுகளில் இப்புழுக்களின் வாய்ப்பற்கள் உருக்குலைந்து கிடந்ததைப் பதிவுசெய்தது. அந்தச் சேற்றில் வளர்ந்த உயிரின் உடலிலேயே ஆற்றின் நோய் தெரிந்தது.

சில கிலோமீட்டர் தூரத்துக்குள் அளவுகோலும் நோயாளியும் ஒரே வடிநிலத்தில் இருப்பது நமக்குப் பெரிய வசதி. ஆறு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று அறியத் தொலைதூரக் காட்டுக்குப் போக வேண்டாம். செருக் தோக்குன் போதும். அதனாலேயே அந்த ஓடையின் பெறுமதி அங்கே குளிப்பவர்களின் மகிழ்ச்சியோடு முடிவதில்லை. அதுவும் கெட்டால் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு எதுவும் மிஞ்சாது.

யார் பொறுப்பு?

மலேசியாவில் நிலமும் நீரும் மாநிலத்தின் அதிகாரம். ஆலைக்கழிவைக் கண்காணிப்பது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறை. வடிகாலும் ஆற்றுக்கரையும் வடிகால் நீர்ப்பாசனத் துறையிடம். கடைகளின் கழிவும் குப்பையும் மாநகர் மன்றத்திடம். மீன் மீன்வளத் துறையிடம். ஒவ்வோர் அலுவலகமும் தன் பங்கைச் செய்தாலும், ஆற்றை முழுமையாகப் பார்க்கும் கண் அந்த ஏற்பாட்டிலிருந்து தானாக வந்துவிடாது. 2024-இல் சட்டம் திருத்தப்பட்டு அபராதத்தின் உச்ச அளவு 10 மில்லியன் ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அபராதம் பெரிதானால் சான்றும் உறுதியாக வேண்டும். எந்த வாரத்தில், எந்தக் குழாய்க்குக் கீழே கேடு தொடங்கியது என்று காட்ட யாராவது தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அரசின் நீர்த்தரக் குறியீடு ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திண்மம், அமில காரத் தன்மை ஆகிய ஆறையும் கணக்கிடுகிறது. அவசியமான அளவீடுதான். ஆனால் பூச்சிக்கொல்லியோ கன உலோகமோ இந்த ஆறில் இல்லை. கென்னட் ஆற்றில் நடந்தது போன்ற ஒன்று இங்கே நடந்தால், இந்தக் குறியீடு மட்டும் அதைக் காட்டிக் கொடுக்காது.

பினாங்கின் குழாய்நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் கெடாவிலிருந்து வரும் மூடா ஆற்றைச் சார்ந்தது. புக்கிட் மெர்தாஜாமை ஒட்டிய மெங்குவாங் அணை மாநிலத்திலேயே பெரியதாக இருந்தும், அது சேமிப்புக்கே பெரிதும் பயன்படுகிறது. மூடா ஆறு பிறக்கும் உலு மூடா காட்டில் மரம் வெட்டினால் நம் வீட்டுக் குழாயில் தெரியும். அண்டை மாநிலத்தைத் தன் காட்டைக் காக்கச் சொல்லும் நாம், நம் எல்லைக்குள் பிறந்து நம் எல்லைக்குள்ளேயே கடலில் சேரும் ஜூருவைக் கைவிட்டிருந்தால் அந்தக் கோரிக்கைக்கு வலுவிருக்காது.

இங்கே செய்யக்கூடியது

முதலாவது, கண்காணிப்பு. பிரிட்டனின் எட்டு வகைப் பட்டியலை அப்படியே கொண்டுவர முடியாது. வெப்பமண்டலப் பூச்சிகள் வேறு. தாய்லாந்தில் பிங் ஆற்றில் பிரிட்டிஷ் மதிப்பெண் முறையை உள்ளூர்ப் பூச்சிகளுக்கேற்ப மாற்றிக்கொண்டது நல்ல வழிகாட்டி. செருக் தோக்குனை அளவுகோலாக வைத்து, பல்கலைக்கழகப் பூச்சியியலாளர்கள் எளிய படப்பட்டியல் ஒன்றைத் தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் தயாரிக்கலாம். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி மாணவர்கள் தத்தம் பள்ளிக்கு அருகிலுள்ள கிளையாற்றை மாதம் ஒருமுறை பார்க்கலாம். ஒரு கைவலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு நோட்டுப்புத்தகம் போதும். கடல்நீர் ஏறி இறங்கும் கீழ்ப்பகுதிக்கு இம்முறை பொருந்தாது. அங்கே மீனவர்களின் அன்றாடப் பிடிப்புக் கணக்கு சான்றாகட்டும்.

இரண்டாவது, புதிதாக மீன் விடும் ஆசையை அடக்குவது. ஆற்றைச் சுத்தம் செய்யும் விழாக்களில் மீன்குஞ்சு விடுவது பார்வைக்கு அழகு. மூச்சுவிட முடியாத நீரில் குஞ்சு சாகும். பிழைக்கும் அயல் மீனோ சொந்த மீனை விரட்டும். நம் ஆறுகளில் பரவிவிட்ட இக்கான் பண்டாராயா என்ற உறிஞ்சுவாய் மீன் இதற்குப் போதிய எச்சரிக்கை. மொன்டானாவும் காவிரியும் சொல்வது ஒன்றே: நீரைச் சீராக்கினால் அதற்குரிய மீன் வரும்.

மூன்றாவது, தூண்டில்காரர்களை அணிசேர்ப்பது. செபராங் பிறையில் வார இறுதியில் தூண்டிலோடு கிளம்புகிறவர்கள் ஏராளம். தோட்ட வாய்க்காலில் விராலும் பனையேறியும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. எந்த வாய்க்காலில் எந்த மீன் எப்போது இல்லாமல் போனது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நினைவைக் கேட்டு எழுதிவைத்தால் அதுவே ஆற்றின் பழைய பதிவேடு. மின்சாரமும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதை அதிகாரிகளைவிட அவர்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

டெர்பி நகரத்துக் கழகத்தார் பெரும் பணக்காரர்களும் இல்லை, அறிவியலாளரும் இல்லை. தங்கள் ஆற்றில் என்ன குறைந்தது என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தார்கள், அதை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தார்கள். ஜூருவுக்குத் தேவையான சட்டம் இருக்கிறது, ஆய்வு இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கத் தூய ஓடையும் இருக்கிறது. இல்லாதது, மாதம் தவறாமல் ஆற்றில் இறங்கி எண்ணும் ஊர்மக்களின் கணக்கு.  செருக் தோக்குனிலும் கீலாங் உபியிலும் ஒரே நாளில் எண்ணத் தொடங்கினால், ஓராண்டில் இந்நகரம் தன் ஆற்றைப் பற்றிச் சான்றோடு பேசும் நிலைக்கு வந்துவிடும்.